காப்பாற்றப் போனவரும் மூழ்குவது ஏன்?

கோடை விடுமுறையிலும் ஆடிப்பெருக்கிலும் திருவிழா முடிந்த மறுநாளிலும் நாளிதழ்களில் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. குளிக்கப் போன சிறுவன் ஆழத்தில் சிக்கினான். அவனைப் பிடிக்க அக்கா இறங்கினாள். இருவரையும் பிடிக்கத் தாய் இறங்கினார். மூவரும் சடலமாக மீட்கப்பட்டனர். ஊரும் பெயரும் மாறும், வரிசை மாறாது. படிப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் மாறுவதில்லை: நீச்சல் தெரியாதவர்கள் ஏன் இறங்கினார்கள்? பக்கத்திலேயே இத்தனை பேர் குளித்துக்கொண்டிருந்தும் பையன் மூழ்குவது எப்படித் தெரியாமல் போனது?

பதிலில் பாதிதான் அறியாமை. மீதிப் பாதி மனித உடலின் அமைப்பில் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் உடல் தானாகச் செய்யும் காரியங்கள் தரையில் நம்மைக் காப்பாற்றுபவை; தண்ணீருக்குள் அவையே ஆளை அமுக்கிவிடும். யோசித்துச் செய்யலாம் என்றால் அதற்கு அங்கே நேரம் கிடைக்காது. அப்புறம் எதுதான் காப்பாற்றும்?

சின்ன விஷயம் இல்லை இது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளில் இந்த எண்ணிக்கை ஆண்டுக்கு 30,000ஐத் தாண்டியே இருக்கிறது.

மூன்று சொற்கள்

1. அனிச்சைச் செயல். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும் கை வெடுக்கென்று பின்வாங்குகிறதே, அது. மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் தண்டுவடமே வேலையை முடித்துவிடும்.

2. இயல்பூக்கம். இது அதைவிட நீளமான, பிறவியிலேயே வரும் நடத்தை. பயந்தால் ஓடுவது, விழப்போனால் கைக்குக் கிடைத்ததைப் பற்றுவது, குழந்தை அலறினால் அதை நோக்கிப் பாய்வது எல்லாம் இதில் அடங்கும். பேச்சு வழக்கில் உள்ளுணர்வு என்போம். ஆனால் அந்தச் சொல்லில் அனுபவத்தால் வரும் ஊகமும் கலந்திருப்பதால், இங்கே பாடப்புத்தகச் சொல்லே வசதி.

3. பகுத்தறிவு. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு மேடைப் பேச்சு நினைவுக்கு வரும். இங்கே அதற்கு எளிய பொருள்தான்: இதைச் செய்தால் என்ன ஆகும் என்று எடைபோட்டுப் பார்த்து முடிவெடுக்கும் திறன்.

இயல்பூக்கத்துக்கு வேகம் உண்டு, ஆனால் புதிய இடத்துக்குத் தகுந்தாற்போல் மாறத் தெரியாது. பகுத்தறிவு மாறும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: மூச்சு. மூச்சு முட்டும்போது கணக்குப் போட யாராலும் முடியாது.

எருமை நீந்தும், மனிதன் மூழ்குவான்

ஆற்றைக் கடக்கும் எருமைக்கு யாரும் நீச்சல் சொல்லிக்கொடுப்பதில்லை. நாய்க்கும் அப்படித்தான். நாலு கால் பிராணிக்கு முதுகு படுக்கைவாட்டில் இருக்கிறது, மூக்கு முன்நுனியில் இருக்கிறது. தரையில் நடப்பதுபோலக் கால்களை அசைத்தாலே போதும், மூக்கு மேலே நிற்கும். மனிதன் நிமிர்ந்து நடப்பவன். தண்ணீரில் விழுந்ததும் நிமிரத்தான் பார்ப்பான், காலுக்குத் தரையைத் தேடுவான். (பச்சைக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே நீச்சல் தெரியும் என்று சுற்றும் காணொளிகளை நம்ப வேண்டாம். முகம் நீரில் பட்டால் மூச்சை அடக்கும் அனிச்சைச் செயல் அவர்களுக்கு உண்டு. அது சில மாதங்களில் மங்கிவிடும். அது நீச்சலும் இல்லை.)

நிமிர்ந்த உடலுக்குத் தண்ணீரில் என்ன ஆகிறது? கணக்குப் போட்டே பார்க்கலாம்.

1. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டால், அவர் உடல் ஏறத்தாழ 63 லிட்டர் நீரின் இடத்தைப் பிடிக்கும். ஆற்றுநீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆக, முழுதும் அமிழ்ந்திருக்கும்போது நீர் அவரை மேலே தள்ளுவது அவருடைய எடையைவிட 3 கிலோ அதிகம். கையிருப்பு அவ்வளவுதான்.

2. தலை மட்டும் 4 முதல் 5 கிலோ. 3 கிலோ கையிருப்பை வைத்துத் தலை முழுவதையும் வெளியே நிறுத்த முடியாது. தலையைப் பின்னால் சாய்த்து முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொள்ள அது போதும்.

3. இரண்டு கைகளும் சேர்ந்து சுமார் 6 கிலோ. அவற்றை மேலே தூக்கினால் அந்த எடையை நீர் தாங்காது, உடல்தான் தாங்கியாக வேண்டும். இருப்பு 3 கிலோ, செலவு 6 கிலோ.

4. கத்தினால் நுரையீரலிலிருந்து காற்று போகும். 2 லிட்டர் காற்று போனால் 2 கிலோ மிதப்பும் அதோடு போயிற்று.

கையைத் தூக்கிக் கத்துவது தரையில் உதவி கேட்பதற்கு ஆகச் சிறந்த வழி. ஆழத்தில் அதே செயல் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொள்வதுபோல. கடல்நீரில் உப்பு இருப்பதால் இதே ஆளுக்கு ஒன்றரைக் கிலோ கூடுதல் தாங்கல் கிடைக்கும். அதையும் ஒரு 'ஐயோ' தின்றுவிடும்.

பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. எதிர்பாராமல் நீரில் விழுகிறவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, நீந்தாதே, மித என்பதுதான். தலையைப் பின்னால் சாய்த்து, காது நீருக்குள் இருக்க, கைகளை நீருக்குள்ளேயே வைத்து மெல்ல அசைத்தபடி மூச்சு சீராகும்வரை மிதப்பது. கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் பயந்தவன் காதை நீருக்குள் விட மாட்டான். தலையை முன்னால் நீட்டி எக்கவே பார்ப்பான். உடல் சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்யச் சொல்லும் அறிவுரை இது.

பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போவது

நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, 1970களில் மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். கையை ஆட்டிக் கூச்சலிடுவது முந்தைய கட்டம். அந்தக் கட்டமே இல்லாமல் பலர் நேராக அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அதற்கு அவர் இயல்பூக்க மூழ்கல் எதிர்வினை என்ற பொருளில் பெயர் வைத்தார். அதன் அடையாளங்கள்:

1. சத்தம் வராது. பேச்சுக்கு முன்னால் மூச்சு. வாய் நீருக்கு மேலே வரும் அரை நொடியில் காற்றை விட்டு இழுக்கவே நேரம் சரியாக இருக்கும்.

2. கை அசைக்க முடியாது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து நீரை அமுக்கிக்கொண்டிருக்கும். அது அவர் விருப்பத்தில் இல்லை. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் கயிறு வீசினாலும் பிடிக்கக் கை வராது.

3. உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. இல்லாத ஏணியில் ஏறுவதுபோல் இருக்கும்.

4. இதெல்லாம் 20 முதல் 60 நொடிகளுக்குள் முடிந்துவிடும்.

கரையிலிருந்து பார்ப்பவருக்குப் பையன் தண்ணீரில் நின்று விளையாடுவதாகவே தோன்றும். சினிமாவில் மூழ்குகிறவர்கள் எல்லாரும் கையை ஆட்டிக் கத்துவதைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. குழந்தைகள் சத்தம் போடும்வரை கவலை இல்லை, சத்தம் நின்றால் திரும்பிப் பார் என்று உயிர்காப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

தாய் ஏன் இறங்குகிறார்

இரண்டு இயல்பூக்கங்கள் இங்கே மோதுகின்றன. மூழ்குகிறவருடையது, கைக்குக் கிடைத்ததைப் பற்றி மேலே ஏறுவது. கிடைத்தது அம்மாவின் தோளாக இருந்தாலும் அதை அமுக்கித்தான் ஏறும். பாசத்துக்கு அங்கே இடமில்லை. காப்பாற்றுகிறவருடையது, தன் உயிரைக் கணக்கில் எடுக்காமல் பாய்வது. இனம் தழைப்பதற்குப் பயன்பட்ட குணம் அது, அதை முட்டாள்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவில் ஃபிராங்க்ளின், பியர்ன் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகளைக் காப்பாற்றப் போய்த் தாங்களே பலியானவர்களைப் பற்றி 2011இல் ஆய்வுக் கட்டுரை எழுதி, அந்த நிலைக்குத் தனிப்பெயரே கொடுத்தார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே அன்புக்காக மூழ்குவது என்ற தொடர் இருக்கிறது.

உலகம் முழுதும் மீட்புப் பயிற்சிகளில் சொல்லும் வரிசை இது: முதலில் எதையாவது நீட்டு, முடியாவிட்டால் எதையாவது வீசு, அதுவும் முடியாவிட்டால் படகிலோ பரிசலிலோ போ, பயிற்சி இருந்தால் மட்டும் கடைசியாக நீந்திப் போ. நீட்டுவதற்குக் கழி, துரட்டி, வேட்டி. வீசுவதற்குக் காலி பிளாஸ்டிக் குடம், மூடி இறுக்கிய தண்ணீர் கேன், லாரி ட்யூப். ஐந்து லிட்டர் காலி கேன் ஏறத்தாழ ஐந்து கிலோவைத் தாங்கும். மேலே போட்ட கணக்கில் குறைந்துபோன 3 கிலோவை அது ஒன்றே ஈடுகட்டிவிடும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையைக் கழற்றி வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக் கரையேறினர். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கிடைத்தது. துணிச்சலுக்கான விருது அது, துணிச்சல்தான், மறுப்பில்லை. என்றாலும் எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, வெட்கம் என்ற இன்னொரு தடையையும் ஒதுக்கிவிட்டு ஐந்தரை மீட்டர் துணியைக் கயிறாகப் பார்த்த அந்தக் கண்.

ஆளைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகும் கை தவறான இடத்துக்கே போகிறது. வயிற்றை அமுக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் உள்ளே போன தண்ணீரை எடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தில் வருபவை. வெளியே வருவது இரைப்பையின் நீர். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். மூச்சு நின்றவருக்குத் தேவை காற்று: வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108க்கு அழைக்க வேண்டும்.

அமைதியாகத் தெரிவதே ஆபத்து

இதுவரை பார்த்தது உடலின் தவறு. இனி கண்ணின் தவறு. கடற்கரையில் அலை உடைந்து நுரைக்கும் இடத்தை விட்டுவிட்டு, அலை இல்லாத அமைதியான பகுதியாகப் பார்த்துத்தான் குடும்பங்கள் இறங்குகின்றன. பல நேரங்களில் இழுப்பு நீரோட்டம் இருக்கும் இடமே அதுதான்.

அலைகள் கரைக்குத் தள்ளும் நீர் திரும்பிப் போக வேண்டும். மணல் மேட்டில் உடைப்பு உள்ள இடமாகப் பார்த்து அது வாய்க்கால்போல் கடலுக்குள் பாயும். அந்த வாய்க்கால் ஆழமானது, அதனால் அங்கே அலை உடைவதில்லை. வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும் வேகம் சில நேரம் 2 மீட்டரைக்கூடத் தாண்டும். அதை எதிர்த்து ஒலிம்பிக் வீரரும் நெடுநேரம் நீந்த முடியாது. சிக்கியவர் கரையைப் பார்த்து நேராக நீந்துவார். அதுதான் இயல்பு. அப்படியே களைத்து மூழ்குவார்.

செய்ய வேண்டியது:

1. எதிர்க்காமல் மிதக்க வேண்டும். இந்த நீரோட்டம் ஆளை வெளியே இழுக்கும், அடியில் இழுக்காது.

2. மூச்சு சீரானதும் கரைக்கு இணையாக, இடமோ வலமோ நீந்த வேண்டும். பெரும்பாலும் சில பத்து மீட்டர்களில் இழுப்பு விட்டுவிடும்.

3. அலை உடையும் பகுதியை அடைந்த பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். அங்கே அலையே தள்ளிவிடும்.

ஆற்றுத் தடுப்பணைகளிலும் இதேபோல ஏமாற்று வேலை உண்டு. வழிந்து விழும் நீர் அடியில் பாய்ந்து போக, மேல்மட்ட நீர் அணையை நோக்கியே திரும்பி வரும். விழுந்தவர் மேலே வந்ததும் மறுபடி அருவிக்கு அடியில் தள்ளப்படுவார். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்கும் இடம் அது.

தென்கோடியில் இன்னொன்று: கள்ளக்கடல். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, பெருங்கடலில் வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள் சில நாட்கள் பயணித்துக் கேரள, கன்னியாகுமரிக் கரைகளில் திடீரென ஏறும். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். திருடனைப்போல் வருவதால் அந்தப் பெயர். கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தனர். அந்த நாட்களில் கள்ளக்கடல் குறித்து ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விடுத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தில் இயல்பூக்கத்துக்கு வேலையே இல்லை. அங்கே ஒரே துணை, வேறு யாரோ கணக்குப் போட்டுச் சொன்ன எச்சரிக்கைதான்.

ஒரு சொல் காப்பாற்றிய தீவு

அப்படியானால் பகுத்தறிவுதான் வென்றதா? அதுவும் முழுசாக இல்லை. 2004 டிசம்பர் 26ஐ எடுத்துக்கொள்வோம். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெலுவே தீவு, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அதன் வடமுனையில் உள்ள லாங்கி கிராமத்தை நிலம் குலுங்கிய 8 நிமிடங்களில் அலை எட்டியது. 10 மீட்டருக்கும் மேல் உயரம். ஊரில் சுமார் 800 பேர். ஒருவர்கூட இறக்கவில்லை. சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவு முழுவதிலும் இறந்தவர்கள் 7 பேர். எதிரே, ஆச்சே பெருநிலத்தில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

தீவுக்காரர்களிடம் கருவி இல்லை, சைரன் இல்லை. இருந்தது ஒரு சொல்: ஸ்மோங், அதாவது பேரலை. 1907இல் அங்கே பேரலை வந்து ஊர்களை அழித்தது. அதைக் கண்டவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவைத்தார்கள். நிலம் பலமாகக் குலுங்கி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து நிலம் குலுங்கியதும் யாரோ 'ஸ்மோங்' என்று கத்த, ஊரே மலைக்கு ஓடியது. அந்த எட்டு நிமிடங்களில் யாரும் யோசிக்கவில்லை. யோசனை 1907லேயே முடிந்துவிட்டது.

நம் கரையில் நேரம் இதைவிட அதிகமாகவே இருந்தது. காலை 6.29க்கு நடுக்கம், நாகப்பட்டினத்தை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. ஆனால் சேதி சொல்ல இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. சுனாமி என்ற சொல்லையே அன்றுதான் பலர் முதன்முதலாகக் கேட்டார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். இலங்கைக் கரையில் பல இடங்களில் முதல் அலை சிறிதாக வந்து, பிறகு கடல் உள்வாங்கியது. வெளியே தெரிந்த கடலடியைப் பார்க்கக் கூட்டம் இறங்கியது. புதிதாக எதையும் கண்டால் கிட்டப் போய்ப் பார்ப்பதும் மனித இயல்பூக்கம்தான். அடுத்து வந்த அலை பெரியது.

விலங்குகள் மட்டும் முன்பே உணர்ந்து ஓடிவிட்டன என்ற கதை அப்போது உலகம் முழுதும் பரவியது. இலங்கையின் யால பகுதியில் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்த இரண்டு யானைகளின் நடமாட்டத்தை ஆய்வாளர்கள் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். அவை அலை வருமுன் விரைந்து விலகியதற்கான அடையாளம் அதில் இல்லை. இரண்டு யானைகளை வைத்து எல்லா விலங்குகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் ஆறாம் அறிவைவிட அவற்றின் அறிவு மேல் என்று சொல்லித் திரிய இந்தச் சான்று இடம் கொடுக்கவில்லை.

ஏட்டுச் சுரைக்காயும் சுரைக்குடுக்கையும்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். தலையைச் சாய், கையைத் தூக்காதே, நேராக நீந்தாதே என்று இந்தக் கட்டுரையைப் படித்துத் தெரிந்துகொள்வது ஏட்டுச் சுரைக்காய். தண்ணீர் மூக்கில் ஏறியதும் இதில் ஒரு வரியும் நினைவில் நிற்காது. லாங்கி மக்களுக்கு நடந்ததுபோல, அறிவு முன்கூட்டியே பழக்கமாக மாறி, இயல்பூக்கம் இருந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். நம் ஊர்களில் அந்த வேலையைச் செய்தது நிஜச் சுரைக்குடுக்கை. காய்ந்த குடுக்கையையோ வாழைத்தண்டையோ முதுகில் கட்டிப் பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள், மாமாவோ சித்தப்பாவோ கூடவே குதிப்பார். பத்து நாளில் தலை தானாகப் பின்னால் சாயப் பழகிவிடும். அந்தக் கிணறுகள் பலவும் வற்றிவிட்டன, மிச்சமிருப்பவற்றில் கம்பிவலை போட்டாயிற்று. கிணற்றில் மட்டும் நீந்திப் பழகியவர் கடலில் ஏமாறுவதும் உண்டு. இழுப்பு அவருக்குப் புதிது.

வங்கதேசம் இதை வெறும் பழக்கமாக விட்டுவிடாமல் திட்டமாகவே செய்தது. அங்கே சிறு குழந்தைகளின் மரணத்துக்கு நீரில் மூழ்குவது முக்கியக் காரணம். பெற்றோர் வேலையில் இருக்கும் நேரத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காப்பகம், நாலு வயதுக்கு மேல் உயிர்காக்கும் நீச்சல் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2012இல் வெளியான ஆய்வின்படி, நீச்சல் கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைவாக இருந்தது. காப்பகத்தில் இருந்த குழந்தைகளிடையே 80 விழுக்காட்டுக்கும் மேல்.

நீச்சல் குளம் எதுவும் கட்டவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் பரண் அமைத்து, உள்ளூர் இளைஞர்களே கற்றுக்கொடுத்தார்கள். தேர்ச்சிக்கு 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 நொடி மிதக்க வேண்டும். கூடவே ஒன்றைச் செய்து காட்ட வேண்டும்: குளத்தில் தத்தளிப்பதாக நடிக்கும் தோழனை, தான் தண்ணீரில் இறங்காமல், கரையிலிருந்தே கழியை நீட்டி இழுப்பது.